சுதேசி மாடும் மேய்ச்சல் நிலமும்

நமது தேசத்தில் மாட்டைப் பற்றிப் பேசுவோருக்குக் குறைவில்லை. மேடைகளில் அதற்குப் பூஜை நடக்கிறது; சட்டசபைகளில் அதைக் குறித்து வாதப் பிரதிவாதங்கள் நிகழ்கின்றன; தேர்தல் காலத்தில் அதன் பெயரால் வோட்டும் கேட்கப்படுகிறது. ஆயினும் அந்த மாடு காலையில் கட்டுத்தறியை விட்டுக் கிளம்பியது முதல் மாலையில் திரும்பும் வரையில் எங்கெங்கே செல்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, எதைக் கடிக்கிறது, எதை ஒதுக்குகிறது, எந்த நேரத்தில் தண்ணீரை நாடுகிறது என்று விசாரிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது அற்ப விஷயமென்று சிலர் நினைக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. மழை குறைந்த பிரதேசத்தில் ஒரு குடியானவன் பிழைப்பதும் நொடிப்பதும் அவனுடைய மாட்டின் நடையைப் பொறுத்தவை. எந்த இனத்தை வளர்ப்பது என்ற கேள்விக்கும், எந்த நிலத்தைக் காப்பது என்ற கேள்விக்கும் விடை அந்த நடையிலேதான் அடங்கியிருக்கிறது.

இந்த விசாரணையை வெகு நுட்பமாக நடத்திவரும் இடம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருக்கிறது. நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் லாஸ் குரூஸஸ் நகருக்கு வடக்கே ஹோர்னாடா என்னும் மேய்ச்சல் ஆராய்ச்சி நிலம் 1912-ம் வருஷத்தில் ஏற்படுத்தப்பட்டது. சிவாவா பாலைவனத்தைச் சேர்ந்த அந்தப் பூமியில் வருஷத்துக்குச் சராசரி பத்து அங்குலத்துக்குக் குறைவாகவே மழை பெய்கிறது. அதிலும் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலுள்ள மூன்று மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். ஸ்பானியர் ஆண்ட காலத்தில் சுமார் 90 மைல் தூரம் தண்ணீரின்றி இவ்வழியே பிரயாணம் செய்ய வேண்டியிருந்ததால், 'செத்தவன் பயணம்' என்னும் பொருள்படும் பெயரை இதற்கு இட்டனர். அப்பெயரின் முதற்பாதிதான் இன்று ஆராய்ச்சி நிலத்தின் பெயராக நிற்கிறது.

அந்தப் பூமி ஆதியில் இவ்வளவு வறியதாக இருக்கவில்லை. 1858-ம் வருஷத்திய நில அளவைக் குறிப்புகளையும் 1963-ம் வருஷத்து நிலைமையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முன்பு நல்ல புல் மூடியிருந்த நிலத்தின் பெரும்பகுதியை முட்புதர் கைப்பற்றிவிட்டது தெரியவந்தது. 1881-ல் ரெயில் பாதை வந்தது. ரெயிலோடு கணக்கற்ற மந்தைகள் வந்தன. தொடர்ந்து மழை பொய்த்தது. மந்தைகள் புல்லை வேரோடு கரம்பின. மெஸ்கீட் என்னும் முள்மரத்தின் காய்களைத் தின்ற மாடுகள் சாணத்தோடு விதையையும் ஊரெங்கும் தூவின. இந்த மெஸ்கீட் வேறு யாருமல்ல. நமது ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் வளைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலத்தின் தாயாதிதான். இவ்வாறு, மாடு நிலத்தைக் கெடுக்கவும் வல்லது, நிலம் மாட்டைப் பட்டினி போடவும் வல்லது என்பதற்கு ஹோர்னாடா ஒரு ரிஜிஸ்டர் செய்த சாக்ஷியாக விளங்குகிறது.

அந்தப் பிரதேசத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஏறத்தாழ நூறு வருஷங்களுக்கு மேலாக வளர்த்து வந்தவை ஆங்கஸ், ஹெரிபோர்டு என்னும் இரண்டு இனங்களும் அவற்றின் கலப்பும் ஆகும். ஹெரிபோர்டு இங்கிலாந்தில் அப்பெயருள்ள ஜில்லாவில் தோன்றியது. 1817-ல் அமெரிக்கா சேர்ந்தது. ஆங்கஸ் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உதித்தது. 1873-ல் அமெரிக்கா சேர்ந்தது. இரண்டும் மழையும் பனியும் பசும்புல்லும் குறையாத நாட்டில் உருவெடுத்தவை. உடல் பெரியது, இறைச்சி மிகுதி, சந்தையில் விலை அதிகம். 2005-ம் வருஷத்தில் ஹோர்னாடாவின் ஆராய்ச்சியாளர்கள் மெக்ஸிகோவிலுள்ள சிவாவா மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வேறொரு மந்தையைத் தருவித்தனர். ராராமுரி என்னும் பழங்குடியினர் வளர்த்து வந்த கிரியோயோ இனம் அது. பசுவின் எடை 350 அல்லது 400 கிலோவுக்கு மேற்படுவது அரிது. கொம்பு உண்டு, ஒரு மாட்டின் நிறம் மற்றொன்றுக்கு இராது. பார்வைக்குப் பண்ணைக்காரனின் மனத்தைக் கவரும் மாடல்ல.

இரண்டு இனங்களின் கழுத்திலும் பட்டை கட்டி, செயற்கைக் கோள்களின் துணையால் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை அதில் பொருத்தினார்கள். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை மாடு நிற்கும் இடம் பதிவாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு பதிவுகளுக்கு இடையே தூரம் மிகக் குறைவாயிருந்தால் மாடு படுத்தோ நின்றோ இளைப்பாறுகிறது. சற்றே நகர்ந்திருந்தால் மேய்கிறது. வெகுதூரம் கடந்திருந்தால் நடக்கிறது. இவ்விதம் இரவும் பகலும் மாட்டின் தினசரி எழுதப்பட்டுவிடுகிறது. மேய்ப்பவனின் ஞாபகத்தையோ, பண்ணைக்காரனின் அபிமானத்தையோ நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

அந்தத் தினசரி கூறுவது என்ன? எல்லா இன மாடுகளுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. விடியற்காலையில் ஒரு பெரிய மேய்ச்சல், சூரியன் சாயும் வேளையில் மற்றொரு பெரிய மேய்ச்சல், நடுப்பகலில் தண்ணீரையும் நிழலையும் அடுத்து அசைபோடுதல் என்பதே அது. வெயில் கடுமையான நாளில் இரவிலும் சிறிது மேயும். ஆனால் இந்தப் பொது ஒழுங்குக்குள்ளே இனத்துக்கு இனம் வித்தியாசம் தோன்றுகிறது. மழைக்கு முந்திய கோடையில், புல் காய்ந்து அருகிப்போன காலத்தில், கிரியோயோ மாடுகள் அதிக தூரம் நடந்தன. மிகப் பரந்த நிலத்தில் சிதறி மேய்ந்தன. ஆங்கிலேய இன மாடுகளோ தமக்குப் பழகிய இடங்களிலேயே ஒதுங்கிக் குறுகிய வட்டத்தைத் திரும்பத் திரும்ப மேய்ந்தன. மழை பெய்து புல் தழைத்த பின் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மங்கிவிட்டது. நிறைவுள்ள காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் நடக்கின்றன. பஞ்சம் வந்தபோதுதான் குணம் வேறாகிறது.

தூரம் அதிகமானால் என்ன லாபம் என்று கேட்கலாம். வறண்ட நிலத்தில் மேய்ச்சலின் எல்லையைக் குறிப்பது வேலியன்று, தண்ணீர்த் தொட்டியே. நியூ மெக்ஸிகோ ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோலெசெக் என்னும் நிபுணர் 1988-ல் மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். தண்ணீரிலிருந்து ஒரு மைலுக்கு அப்பாலுள்ள புல்லில் பாதியைத்தான் கணக்கில் சேர்க்கலாம். இரண்டு மைலுக்கு அப்பாலுள்ளதைச் சேர்க்கவே கூடாது என்பது அவர் கணக்கு. மாடு அங்கே போகாதாகையால், அந்தப் புல் இருந்தும் இல்லாததே. இனி வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். தொட்டியைச் சுற்றி ஒரு மைல் நடக்கும் மாட்டுக்குச் சுமார் 2,000 ஏக்கர் வசமாகிறது; இரண்டு மைல் நடக்கும் மாட்டுக்குச் சுமார் 8,000 ஏக்கர் வசமாகிறது. நடை இரட்டித்தால் நிலம் நான்கு மடங்காகிறது. அது மட்டுமன்று. தொட்டியருகே வாயோயாமல் கடிக்கப்படும் புல் மீண்டும் தழைக்க அவகாசம் பெறுவதில்லை. அங்கேதான் மண் பெயர்கிறது, முட்புதர் நுழைகிறது. பரந்து மேயும் மந்தை அதே அளவு தீனியை அகன்ற நிலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வதால் நிலம் மூச்சுவிட முடிகிறது.

நடப்பதற்கும் செலவுண்டு என்பதை நாம் மறக்கவில்லை. தின்ற தீனியில் ஒரு பங்கு காலிலேயே கரைந்துவிடும். சிறிய உடலுக்குப் பராமரிப்புத் தீனி குறைவாயிருப்பதால்தான் கிரியோயோவுக்கு அந்த நடை கட்டுகிறது. உடல் சிறுத்திருப்பது வெப்பத்தை வெளியேற்றவும் உதவுகிறது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, மற்றொரு பக்கத்தையும் சொல்வதே நியாயம். கிரியோயோ கன்று சந்தைக்கு வந்தால், பெரிய இறைச்சிக் கம்பெனிகளின் அளவுக்கு அது பொருந்துவதில்லை. வியாபாரி விலையைக் குறைக்கிறான். ஆகையால் தாயைக் கிரியோயோவாக வைத்துக்கொண்டு, பெரிய இனத்துக் காளையோடு கலந்து கன்றை விற்கும் முறையையும் பண்ணைக்காரர்கள் கைக்கொள்கின்றனர். மேலும், பட்டை அணிந்த பசுக்கள் சிலவே. ஒரு பாலைவனத்தில் சில மந்தைகளிடம் கண்டதை உலகத்து மாடுகளுக்கெல்லாம் விதியாக்குவது தகாது.

ஆனால் நமது தேசபக்தர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதற்கு அப்பால் இருக்கிறது. கிரியோயோ அமெரிக்க மண்ணில் பிறந்த இனமன்று. கொலம்பஸ் 1493-ல் தமது இரண்டாம் பிரயாணத்தில் கப்பலேற்றி வந்த ஸ்பானிய மாடுகளிலிருந்து தொடங்கும் வம்சம் அது. ஆங்கஸுக்கும் அதற்கும் பிறப்பில் உள்ள பேதம், ஒன்று ஸ்காட்லாந்து, மற்றொன்று ஸ்பெயின் என்பதுதான். இரண்டும் அந்நியமே. பின்னர் ஏன் ஒன்று பாலைவனத்தின் குழந்தையாகவும் மற்றொன்று விருந்தாளியாகவும் நிற்கின்றன? ஏறத்தாழ ஐந்நூறு வருஷங்கள் கிரியோயோவை வறட்சி பொறுக்கி எடுத்தது. நடக்க மாட்டாதது மடிந்தது. நடந்தது கன்று ஈன்றது. மனிதன் தீவனம் வாங்கிப் போட்டு அந்தப் பரீக்ஷையிலிருந்து அதைத் தப்புவிக்கவில்லை.

இதில் பழக்கத்துக்கும் பங்குண்டு. யூட்டா ராஜ்ய சர்வகலாசாலையில் பிராவின்ஸா என்பவர் பல வருஷங்கள் செய்த ஆராய்ச்சியால், எந்தச் செடியைத் தின்பது, எதை விலக்குவது, எங்கே தேடுவது என்பவற்றைக் குட்டிகளும் கன்றுகளும் பெரும்பாலும் தாயிடமிருந்தே கற்கின்றன என்று தெளிவாயிருக்கிறது. கிரியோயோ கன்று புதரில் ஒளிந்து கிடவாமல் தாயின் பின்னே திரிவது வழக்கம் என்று ஹோர்னாடா ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிடுகின்றனர். தாயோடு நடந்த கன்று தாயின் நிலத்தைப் பாடம் படித்துவிடுகிறது. ஆகவே ஓர் இனத்தின் சுதேசித் தன்மையில் பாதி ரத்தத்திலும், பாதி பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடம் மேய்ச்சல் நிலமேயாகும். மேய்ச்சல் நிலத்தை எடுத்துவிட்டால், மிஞ்சுவது மாட்டின் உருவமும் பெயருமே.

இந்த உண்மையை வைத்துக்கொண்டு நமது தேசத்தைப் பார்ப்போம். 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடியே 25 லக்ஷம். அவற்றில் அந்நிய இனங்களும் கலப்பினங்களும் 5 கோடியே 4 லக்ஷம். 2012-ம் வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட்டால், இந்தப் பிரிவு நூற்றுக்கு 26.9 வீதம் பெருகியது. உள்நாட்டு மாடுகள் நூற்றுக்கு 6 வீதம் குறைந்தன. பாலுக்காக ஜெர்ஸியையும் ஹோல்ஸ்டீனையும் கலந்ததை நாம் நிந்திக்கவில்லை. வாய்க்கால் பாசனமும் பசுந்தீவனமும் சங்கத்தின் பால் வண்டியும் உள்ள கிராமத்தில் அக்கலப்பினம் பல ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றி வருகிறது. அதே அளவுகோலை மழை மறைவுப் பிரதேசத்துக்கும் கொண்டு செல்வதையே நாம் ஆட்சேபிக்கிறோம். கறந்த பாலை மட்டும் எழுதி, வாங்கிய தீவனத்தையும் மருந்தையும் தண்ணீரையும் எழுதாத கணக்கு, வரவை மட்டும் காட்டும் கணக்கு. அத்தகைய கணக்கை எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது.

நமக்கும் பாலைவனம் உண்டு. தார்ப் பாலைவனத்தில் சேவண் புல்லை மேய்ந்து வாழும் தார்ப்பார்க்கர் இனம் வறட்சியைத் தாங்குவதோடு நல்ல பாலும் தருவது. ஜைசல்மேர்ப் பக்கத்து ஜனங்கள் 'ஓரண்' என்று தெய்வத்தின் பெயரால் ஒதுக்கிய பொது மேய்ச்சல் காடுகளே அதன் ஆதாரம். அவற்றில் பல, சர்க்கார் ஏடுகளில் தரிசு என்று எழுதப்பட்டிருப்பதால், சூரிய மின்சாரத் தகடுகளுக்கும் காற்றாலைகளுக்கும் எளிதில் இரையாகின்றன. 2024 டிசம்பர் 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ராஜஸ்தான் சர்க்கார் இத்தகைய தெய்வக் காடுகளை அளந்து படம் வரைந்து சட்டப்படி காப்பாற்ற வேண்டுமென உத்தரவிட்டிருக்கிறது. மின்சாரம் தேசத்துக்கு வேண்டியதே. ஆனால் மாடு நடக்கும் நிலத்தைத் தரிசு என்று எழுதிய பேனா செய்த பிழைக்கு மேய்ப்பவன் தண்டனை பெறலாகாது.

தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை. ஆயினும் அதை ஒட்டிய அரைவறட்சி நிலம் கொங்கு நாட்டில் உண்டு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் குடியானவர்கள் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்திருக்கிறார்கள். முள்ளுக்கிளுவை வேலி, நடுவே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டில் மேய்ச்சல் தீர்ந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றி முன்னதற்கு ஓய்வு தருதல் என்ற இந்த ஏற்பாட்டை எந்தச் சர்வகலாசாலையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. காங்கயம் மாடு இந்தக் கொறங்காட்டில் உருவானது. ஏற்றமும் வண்டியும் போய் மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் காளைக்கு வேலை போயிற்று. நிலத்துக்கு மனை விலை வந்தபின் கொறங்காட்டுக்கு மதிப்புப் போயிற்று.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரீனாக் கடற்கரையில் இளைஞர்கள் லக்ஷக்கணக்கில் திரண்டதைத் தேசம் வியந்து பார்த்தது. நாட்டு மாட்டினம் அழியக்கூடாது என்பது அவர்களின் கோஷங்களில் ஒன்று. அந்த உணர்ச்சியை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. மந்தை மேய்ந்த வெளி என்பது அதன் பொருள். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பட்டணம் வளர்ந்தால் இது தவிர்க்க முடியாதது என்று சொல்லலாம். ஆனால் கிராமங்களிலுள்ள மந்தைவெளிகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கையில், காளைக்காகத் திரண்ட கூட்டத்தில் ஆயிரத்தில் ஒருவராவது தமது ஊர் அடங்கலைப் புரட்டிப் பார்த்தாரா என்று கேட்க விரும்புகிறோம்.

சட்டம் கையிலிருக்கிறது. 2011 ஜனவரி 28-ந் தேதி ஜக்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு மிகத் தெளிவான தீர்ப்பு வழங்கியது. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை ஆக்கிரமித்தவர்கள் தொடுத்த வழக்கு அது. பொது நிலம் கிராம ஜனங்களின் உரிமை என்றும், ஆக்கிரமிப்பு எவ்வளவு காலம் நீடித்தாலும், எவ்வளவு பணம் செலவிட்டுக் கட்டடம் எழுப்பியிருந்தாலும், அதனால் மட்டும் அது நியாயமாகிவிடாது என்றும் நீதிபதிகள் கூறி, இத்தகைய நிலங்களை மீட்டுக் கிராமத்தாரிடம் ஒப்புவிக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டார்கள். குளத்துக்குச் சொன்ன நியாயம் மேய்ச்சல் புறம்போக்குக்கும் பொருந்தும். தீர்ப்புக்கு ஊருக்குள் நடமாட்டம் கொடுப்பது ஊராரின் பொறுப்பு.

ஆகவே சர்க்காருக்கும் பொதுஜன ஊழியர்களுக்கும் நமது யோசனைகள் மூன்று. முதலாவது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், ஜோத்பூர் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் போன்ற ஸ்தாபனங்கள், காங்கயத்துக்கும் தார்ப்பார்க்கருக்கும் கலப்பினங்களுக்கும் ஒரே நிலத்தில், கோடையிலும் மழைக்காலத்திலும், ஹோர்னாடாவில் செய்ததுபோல் கழுத்துப்பட்டை கட்டித் தினசரி எடுத்து, அதன் பலனை அந்தந்தப் பாஷையில் வெளியிட வேண்டும். நடை, தீனி, தண்ணீர், பால், கன்று, செலவு எல்லாம் ஒரே பட்டியலில் வரவேண்டும். அந்தப் பட்டியல் நமது அபிமானத்துக்கு விரோதமாக வந்தாலும் அதை ஒப்புக்கொள்ளும் திடசித்தம் நமக்கு வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கிராமத்திலும் மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே நம்பர், விஸ்தீரணம், இன்றைய நிலை ஆகியவற்றைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கிராம சபையில் வாசிக்கவும் வேண்டும். மூன்றாவது, கொறங்காட்டைக் கொறங்காடாகவே வைத்திருக்கும் குடியானவனுக்குச் சர்க்கார் உதவித்தொகை அளிக்க வேண்டும். உறைவிந்து வங்கியில் காங்கயத்தைக் காப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது அது நடக்கும் நிலத்தைக் காப்பதற்குச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

ஸ்பெயினிலிருந்து வந்த மாடு மெக்ஸிகோ மலையில் சுதேசியாயிற்று. நமது நெல்லூர் மாடு பிரேசிலுக்குச் சென்று, நெலோரே என்ற பெயரோடு அந்நாட்டின் பிரதான இனங்களில் ஒன்றாயிற்று. மண்ணும் மேய்ச்சலும் காலமும் சேர்ந்து ஓர் இனத்தைத் தமதாக்கிக்கொள்கின்றன. அதே நியாயத்தால், மண்ணை விட்டுப் பிரிக்கப்பட்ட காங்கயம் காங்கயத்திலேயே அந்நியமாகிவிடும். வருகிற கிராம சபைக் கூட்டத்துக்குச் செல்லும் ஊழியர்கள், தீர்மானங்களோடு ஊர்ப் புறம்போக்குப் பதிவேட்டின் நகலையும் கையில் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். மந்தை மேய்ந்த வெளி எத்தனை ஏக்கர், இப்போது யார் வசம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை எழுப்பி, விடையைக் கூட்ட நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதியச் செய்தால், அதுவே மாட்டுக்குச் செய்யும் முதல் பூஜையாகும்.